இரக்கமும் இலக்கமும்

நோயாளரிடத்து இரங்குவோர் கணக்குப் பார்த்தலாகாது என்பது நம்மவருட் பலர் கொண்ட கருத்து. நற்சமாரியன் கதையை நினைப்போர்க்கு இக்கருத்தின் பொருந்தாமை விளங்கும். காயமுற்றவனைச் சத்திரத்திற் சேர்த்த அவன், இரண்டு பணம் கொடுத்ததோடு, அதற்குமேற் செலவாயின் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றான். அவனது இரக்கம் வருஞ்செலவையும் எண்ணிய இரக்கம்.

சுகாதாரப் பொருளாதார ஆராய்ச்சியாளரின் தொழிலும் இத்தன்மையதே. இம்மருந்து நோயைத் தீர்க்குமா என்று வைத்தியர் வினவுவர். தீர்ந்தபின் நோயாளி எந்நிலையில் வாழ்கின்றார், அதன்பொருட்டு எவர் எவ்வளவு இழந்தார், அப்பொருளை வேறு வழியிற் செலவிட்டிருப்பின் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று இவர் வினவுவர்.

இத்தகைய ஆராய்ச்சியின் பயனை அறிய நாம் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. காசநோய்க்கு மருந்து வழி காணும் ஆராய்ச்சி நிலையமொன்று 1956-இல் சென்னையில் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் அதிற் கூடி உழைத்தன. சானடோரியத்தில் நெடுநாள் ஓய்வும் நல்லுணவும் பெற்றாலன்றிக் காசநோயாளர் தேறார் என்பது அக்காலத்துப் பலருடைய நம்பிக்கை; படுக்கைகளோ மிகச் சில. ஆகவே, நகரத்து ஏழை நோயாளர் 193 பேரைச் சீட்டெடுத்தாற்போல இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைச் சானடோரியத்திலும் மற்றையோரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே வகை மருந்தை ஓராண்டு கொடுத்தனர். முடிவு 1959-இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தோர்க்கு உணவு குறைவு, இடம் நெருக்கம், ஓய்வு சொற்பம். எனினும் வேறுபாடு இவ்வளவே. உடன் வாழ்ந்தோர்க்கு அதனால் நோய் மிகுதியாய்த் தொற்றவுமில்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று.

அதே வினாவை இன்று குன்றத்தூரிற் கேட்கவேண்டும் என்பது நம் கருத்து. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மோட்டார் வண்டிகளும் மின்னணுக் கருவிகளும் செய்யும் ஆலைகள் நெருங்கியுள்ளன. அவற்றில் உழைப்போர் சுற்றூர்களில் வாடகை அறைகளிற் பலராய்த் தங்குகின்றனர். காசநோய்க்கு அரசாங்கம் இலவசமாய் மருந்தளிக்கின்றது. உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் வழங்கி வருகின்றது. இவை போற்றத்தக்கன. ஆனால் மருந்து இலவசமாதலால் நோயும் இலவசமாகிவிடாது. ஒப்பந்தத் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளிற் கூலியை இழப்பர், வண்டிச்சத்தம் கொடுப்பர், நோய் வெளிப்பட்டால் வேலையும் அறையும் போமோ என்று அஞ்சுவர். செலவும் வருமான இழப்பும் சேர்ந்து குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டின், அதனைப் பேரிழப்பென உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ளது. ஆஸ்பத்திரி ஏட்டில் இவ்விழப்பு ஏறுவதில்லை. வேலை முடிந்து வருவோர்க்கென மாலையிலும் வைத்தியசாலை நடத்தினால், அவ்வேட்டிற் செலவு மிகும். குடும்பங்களின் இழப்பையும் உடன்வைத்துப் பார்த்தாலன்றி, அச்செலவு தகுமா என்பது புலப்படாது.

உயிருக்கு விலையிடலாமோ என்று சிலர் கேட்பர். கணக்கு எழுதாதவிடத்தும் ஒருவர்க்குக் கொடுத்தலும் மற்றொருவர்க்கு மறுத்தலும் நிகழ்கின்றன. அவை எவரும் அறியாமல் நிகழ்கின்றன, அவ்வளவே. ஆயினும் அவர் அச்சம் முற்றும் வீணன்று. கூலியிழப்பையே அளவுகோலாக்கினால், கூலி பெறாத தாயும் மூதாட்டியும் பூஜ்யமாவர். இக்குறை நீக்கவே ஆராய்ச்சியாளர் நலத்தோடு வாழும் ஆண்டு என்னும் அளவைக் கைக்கொண்டனர். பூரண நலத்தோடு வாழும் ஓராண்டு 1. நலம் பாதியாகக் குன்றிய ஓராண்டு 0.5. மானேஜருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் இதில் வேற்றுமை இல்லை. இதுவும் குறையற்றதன்று, எஞ்சிய ஆண்டுகள் சிலவேயுள்ள முதியோரையும், நீங்காத ஊனமுடையோரையும் இது பின்தள்ளக்கூடும். ஆதலின், எண் அமைச்சனாய் நின்று ஆலோசனை கூறலாமேயன்றி, அரசனாய் ஆணையிடலாகாது.

குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் சோழர்க்கு அமைச்சராயிருந்தவர் என்பர். அரசியற் கணக்கறிந்த அப்பெரியார் பெரியபுராணத்தில் குயவரையும் வண்ணாரையும் பரதவரையும் வேந்தரோடு ஒரே வரிசையில் வைத்தார். கணக்கறிவும் சமநோக்கும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் அருமையாயினும், இயலாததன்று.

நம் கலாசாலையிற் பொருளாதாரமும் புள்ளிவிவரமும் பயிலும் மாணவர் பலர். வைத்தியராகாதார்க்கு நோயாளர்க்குத் தொண்டு செய்ய வழியில்லை என அவர் எண்ணவேண்டா. மருத்துவத் தொழில்நுட்பங்களின் செலவையும் பயனையும் மதிப்பிட இந்திய அரசாங்கமே 2017-இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அத்துறைக்கு ஆட்கள் வேண்டும். இத்தொழிலை மேற்கொள்ளும் நம் மாணவர், ஆஸ்பத்திரி ஏட்டோடு நில்லாது, குன்றத்தூர் வாடகை அறைகளுக்கும் சென்று கணக்கெடுப்பாராக.