தயிர்ச்சோறும் பூனையின் கண்களும்

“எங்கள் வீட்டுப் பூனை சுத்த சைவம்” என்று பெருமையோடு சொல்பவர்கள் திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் இன்றும் உண்டு. ஈராண்டுக் காலம் நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது என் பூனை. ஆகவே இப்பதிவை ஒரு குற்ற ஒப்புதலாகவும் நண்பர்கள் கொள்ளலாம்.

சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசால் நிறுவப்பட்டது. தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாகக் கடை நடத்திவரும் தெரு. இங்குள்ள அரிசிக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் பூனை வளர்த்தது ஆசைக்காக அன்று, எலிக்காக. காலையில் சிறிது பால், மதியம் முதலாளியின் தூக்குச் சட்டியிலிருந்து ஒரு கை தயிர்ச்சோறு. இதுவே அதன் கூலி.

நான் குடியிருப்பது இத்தெருவை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீடு. மீனும் முட்டையும் படியேறக் கூடாது என்பது வாடகைப் பேச்சின்போதே முடிவானது. நானும் சைவனாதலால் தடை சொல்லவில்லை. குட்டிப் பூனை ஒன்று வந்து சேர்ந்தபோது வீட்டுக்கார அம்மா சொன்னார்: “இந்தத் தெருவில உள்ள பூனையெல்லாம் தயிருஞ்சோறுந் தின்னுதானே தம்பி வளர்ந்துது.” வண்டிகளுக்கு அஞ்சி நான் அதை வெளியே விடவில்லை. பாலும் தயிர்ச்சோறும் தவறாமல் வைத்தேன்.

அது உண்ணும் முறை எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. முகர்ந்துவிட்டு விலகும், கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டும், இரண்டு வாய் தின்றுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வரும். திமிர் என்றோம். உண்மையில் பூனை, சிற்றெலிகளைப் பிடித்துத் தின்னும் தனி வேட்டை விலங்கு. ஓர் எலி ஒரு வேளை உணவுக்கும் போதாது என்பதால், நாளொன்றுக்குப் பல சிறு வேளைகளாக உண்ணவே அதன் உடல் பழகியிருக்கிறது. தரையைப் பிறாண்டுவது, மிச்ச இரையை மூடி மறைக்கும் இயல்பின் எச்சம். குளிர்ந்த சோற்றை மறுப்பதும் அவ்வாறே. கொன்ற இரையின் சூடுதான் அதற்கு உணவின் சூடு.

இனிப்புச் சுவையையும் பூனை அறியாது. இனிப்பை உணரும் ஏற்பியை ஆக்கும் மரபணுக்களில் ஒன்று பூனையினத்தில் செயலிழந்துவிட்டதை 2005இல் அறிவியலாளர்கள் காட்டினர். வெல்ல மூட்டையின்மேல் படுத்துறங்கும் கடைப்பூனை வெல்லத்தை நக்காதது ஒழுக்கத்தினால் அன்று. பாயசத்தை நக்குமானால், அதை ஈர்ப்பது பாற்கொழுப்பே.

இவையெல்லாம் வேடிக்கை. டாரின் வேடிக்கையன்று. நம் உடல் தேவையான டாரினைத் தானே ஆக்கிக்கொள்ளும்; பூனையின் உடலால் போதிய அளவு ஆக்க இயலாது. இறைச்சியிலும் மீனிலும் அது உண்டு. அரிசியில் இல்லை, பாலிலும் மிகக் குறைவு. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975இல் வெளியான ஆய்வு. இதயத் தசை தளரும் என்பது 1987இல் வெளியானது. என் பூனை அலமாரிக்குத் தாவித் தவறி விழத் தொடங்கியபோது நான் சிரித்தேன். கதவில் முட்டிக்கொண்டபோதுதான் மருத்துவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்த்தவர் கேட்ட முதற்கேள்வி, “என்ன கொடுக்கிறீர்கள்?” என்பது. போன பார்வை திரும்பாது, எஞ்சியதைக் காக்கலாம் என்றார்.

அப்படியானால் கடைத்தெருப் பூனைகள் எப்படித் தயிர்ச்சோற்றில் வாழ்ந்தன? அவை தயிர்ச்சோற்றில் வாழவில்லை. எலியிலும் பல்லியிலும் வாழ்ந்தன, தயிர்ச்சோறு மேல்வரும்படி. மனிதர் கண்டதும் நினைவில் வைத்ததும் தாம் வைத்த சோற்றை மட்டுமே. இரவில் மூட்டைகளுக்கிடையே பூனை உண்டதை எவரும் கணக்கில் எழுதவில்லை. நம் இலக்கியமும் இதற்குத் துணைபோயிற்று. கம்பன் தன் அவையடக்கத்தில் காட்டும் பூனை பாற்கடலை நக்கப் புகுகிறது. தெனாலிராமன் கதைப் பூனையோ சுடுபாலுக்கு அஞ்சி ஓடுகிறது. பூனை என்றால் பால் என்றே பதிந்துவிட்டது.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாகக் கருதுகிறேன். கொடுத்தவரின் கணக்கு, பெற்றவரின் வாழ்க்கைக்குச் சான்றாகாது. கூலிப் பேரேடுகளையும் அறக்கட்டளைப் பதிவுகளையும் வைத்து எளியோர் என்ன உண்டனர் என்று முடிவுகட்டும்போது நாமும் இதே பிழையைச் செய்கிறோம். மரபு என்று நாம் நம்பியதில் பாதி, நம் கண்ணுக்குப் படாத எலி.

மீன் போட்டால் தீர்ந்தது என்பதும் தவறு. இங்கே சாளை எனப்படும் மத்தியின் இனத்து மீன்கள் பலவற்றில், பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி உண்டு. பச்சையாக நாள்தோறும் அதையே கொடுத்தால் நரம்புகள் பாதிக்கப்படும். வேகவைத்தால் அந்நொதி அழியும். செயற்கை டாரின் சேர்த்த சைவத் தீனி பற்றிய விவாதம் வேறு. அதைக் காட்டி வீட்டுத் தயிர்ச்சோற்றை நியாயப்படுத்த முடியாது.

நான் இன்றும் சைவனே. ஆனால் நோன்பு, நோற்பவரைத்தான் கட்டும். கதவடைத்து வைத்த உயிரை அதற்கு உட்படுத்த எனக்கு உரிமையில்லை. பூனையின் இயல்பான உணவைத் தர மனம் ஒப்பாதவர், பூனை வளர்க்காதிருப்பதே அறம். அரிசியும் பூசணியும் விரும்பும் உயிர்கள் வேறு உண்டு.

மருத்துவர் சொன்னதை வீட்டுக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “யார் கேட்டாலும் பூனைக்கு மருந்துன்னு சொல்லிரு தம்பி” என்றார். இப்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த தீனியைச் சிறுசிறு அளவாக நாளுக்கு ஐந்து முறை வைக்கிறோம். கிண்ணத்தை மட்டும் இடம் மாற்றுவதில்லை.