அறிவியல் பக்கம்: கண்ணுக்குத் தெரியாத நெருப்பு



ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் காரோட்டப் பந்தயம் பார்க்கும் பிள்ளைகள் எம்மவர் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் காருக்கு அடிக்கும் பெற்றோலில்தான் பந்தயக் கார்களும் ஓடுகின்றனவா என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? எல்லாக் கார்களும் அப்படி ஓடுவதில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற இன்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கார்கள் மெதனோல் என்னும் மதுசாரத்தில் ஓடின. பிரிட்டன், டென்மார்க், சுவீடன், போலந்து நாடுகளில் பெயர்பெற்ற ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. இம்முறை இந்த எரிபொருளைப் பற்றிப் பார்ப்போம். பந்தயத்தில் ஆர்வமில்லாதவர்களும் இதை வாசிக்கவேண்டும். இதே திரவம் உங்கள் கார் நிற்கும் இடத்திலும் ஒரு கலனில் இருக்கக்கூடும்.

மெதனோலில் பெற்றோலைவிடக் கூடிய சக்தி இருக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை நேர்மாறானது. ஒரு கிலோ பெற்றோல் எரியும்போது சுமார் 44 மெகாயூல் சக்தி வெளிவருகிறது. ஒரு கிலோ மெதனோலில் கிடைப்பது சுமார் 20 மெகாயூல்தான். மெதனோலின் நிறையில் பாதி ஒக்சிசனாக இருப்பதே இதற்குக் காரணம். ஒக்சிசன் தானாக எரிந்து சக்தி தருவதில்லை.

அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் இதைத் தேடினார்கள்? ஓர் இயந்திரத்தின் வலுவுக்கு எல்லை போடுவது அது இழுக்கும் காற்று. எரிபொருளை வேண்டிய அளவு செலுத்தலாம். சிலிண்டருக்குள் போகும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். மெதனோல் தன்னிடமே ஒக்சிசனை வைத்திருப்பதால் அதன் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோ காற்றுப் போதும். எனவே அதே 14.7 கிலோ காற்றில் இரண்டேகால் கிலோ மெதனோலை எரிக்கலாம். கணக்குப் பார்த்தால் 45 மெகாயூல் வருகிறது. பெற்றோலைவிடச் சற்றுக் கூட.

இதைவிடப் பெரிய நன்மை குளிர்ச்சி. காய்ச்சல்காரரின் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த துணியை வைப்போம் அல்லவா? மதுசாரம் ஆவியாகும்போது உடல் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. இயந்திரத்துக்குள் நடப்பதும் அதுதான். ஒரு கிலோ மெதனோல் ஆவியாவதற்குப் பெற்றோலைப்போல மூன்று மடங்கு வெப்பம் வேண்டும். செலுத்தும் அளவும் இரண்டேகால் மடங்கு என்பதால் மொத்தக் குளிர்ச்சி ஏழு மடங்கு ஆகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. ஆகவே சிலிண்டருக்குள் இன்னும் கூடுதலான காற்றுப் போகிறது. மெதனோலின் ஒக்டேன் எண்ணும் உயர்ந்தது. இயந்திரத்தில் காற்றை மிகவும் இறுக்கி அமுக்கினாலும் அது உரிய நேரத்துக்கு முன் தானாக வெடிப்பதில்லை. இவை எல்லாம் சேர்ந்தே வலுவைத் தருகின்றன.

விலையும் கொடுக்கவேண்டும். எரிபொருள் இரு மடங்குக்கு மேல் செலவாகும். குளிர் காலையில் இயந்திரம் இலகுவில் இயங்காது. மெதனோல் அலுமினியத்தையும் சிலவகை றப்பரையும் அரிக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் பந்தயம் முடிந்ததும் குழாய்களைக் கழுவிவிடுவார்கள்.

இன்டியானாபொலிஸ் பந்தயம் மெதனோலுக்கு மாறியதற்கு வலுவைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. 1964 மே 30ஆம் திகதி நடந்த பந்தயத்தில் சில கார்கள் பெற்றோலிலும் சில மெதனோலிலும் ஓடின. பெற்றோலில் ஓடினால் எரிபொருள் நிரப்ப நிற்கும் தடவைகள் குறையும். இரண்டாவது சுற்றிலேயே டேவ் மக்டொனால்டின் கார் சுவரில் மோதித் தீப்பற்றியது. அதன்மீது எடி சாக்ஸின் கார் மோதியது. இரண்டு கார்களிலும் இருந்தது பெற்றோல். கரும்புகை வானத்தை மூடியது, இருவரும் உயிரிழந்தனர். விபத்து ஒன்றுக்காக அந்தப் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டிலிருந்து மெதனோல்தான் என்றாயிற்று. மெதனோல் பெற்றோலைப்போல இலகுவில் தீப்பற்றாது. எரிந்தாலும் வெப்பம் குறைவு. பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். மெதனோல் தண்ணீரோடு கலந்துவிடுவதால் தண்ணீர் ஊற்றியே அணைக்கலாம்.

ஆனால் அந்தத் தீயைக் கண்டால்தானே அணைக்கலாம்! பெற்றோல் சுவாலை மஞ்சளாக ஒளிர்வது அதிலுள்ள கரித்துகள்கள் சூடேறி மினுங்குவதால். மெதனோல் எரியும்போது கரித்துகள் அநேகமாக உண்டாவதில்லை. மஞ்சள் ஒளியும் இல்லை, புகையும் இல்லை. இருட்டில் மெல்லிய நீலமாகத் தெரியும் சுவாலை, பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது.

இதன் பொருள் என்னவென்று 1981ஆம் ஆண்டுப் பந்தயத்தில் உலகம் பார்த்தது. றிக் மியர்ஸ் என்ற ஓட்டுநரின் காருக்கு மெதனோல் நிரப்ப வந்தபோது, குழாய் காரில் பொருந்துமுன்பே திரவம் பாய்ந்தது. காரிலும் அவர்மேலும் உதவியாளர்கள்மேலும் தெறித்தது. சூடான இயந்திரத்தில் பட்டுத் தீப்பிடித்தது. பார்த்தவர்களுக்கு மனிதர்கள் கைகளை வீசிக்கொண்டு ஓடுவது மட்டுமே தெரிந்தது. மியர்ஸின் தலைக்கவசத்தைக் கழற்ற வந்த பாதுகாப்பு ஊழியருக்கு அவர் எரிந்துகொண்டிருப்பது தெரியவில்லை. கடைசியில் தீயணைப்புக் கருவியை எடுத்து மகனைக் காப்பாற்றியவர் மியர்ஸின் தந்தை. முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மியர்ஸ் 1984, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் அதே பந்தயத்தில் வென்றார். காரில் பொருந்தினால் மட்டுமே திறக்கும் வால்வு எரிபொருள் குழாய்களுக்கு வந்தது இந்த விபத்துக்குப் பின்னர்தான்.

அந்தப் பந்தயத் தொடர் 2006இல் மெதனோலுடன் பத்து வீதம் எதனோலைக் கலந்தது. 2007இல் முற்றாக எதனோலுக்கு மாறியது. அதில் சேர்த்த 2 வீதப் பெற்றோலால் சுவாலையும் கண்ணுக்குத் தெரிந்தது.

மெதனோல், எதனோல் என்ற இரு பெயர்களும் காதுக்கு அண்ணன் தம்பி போலத்தான். உடலுக்குள் போனால் அப்படியல்ல. மதுபானத்தில் இருப்பது எதனோல். மெதனோலை எமது ஈரல் போமல்டிகைட்டாகவும் பின்னர் போமிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. இரண்டு தேக்கரண்டி அளவே பார்வையைப் பறிக்கப் போதும். அதைவிடச் சற்றுக் கூடினால் உயிரும் போகலாம். 2024 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் கலந்திருந்ததும் மெதனோல்தான். இங்கும் ஆபத்து மறைந்தே நிற்கிறது. குடித்தவருக்குப் பல மணி நேரம், சிலவேளை ஒரு நாள்வரை, பெரிதாக எதுவும் தெரியாது. கண் மங்கும்போது காலம் கடந்துவிடுகிறது.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். கனடா போன்ற குளிர்நாடுகளில் கார்க் கண்ணாடி கழுவ ஊற்றும் நீலநிறத் திரவம் உறையாமல் இருப்பதற்கு மெதனோல் சேர்ப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மே மாதத்திலிருந்து பொதுமக்களுக்கு விற்கும் இத்திரவத்தில் மெதனோல் 0.6 வீதத்துக்குக் குறைவாகவே இருக்கவேண்டும். வாங்கும்போது கலனில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது நீலநிறக் குடிபானம். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், ஆள் நன்றாக இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு இராமல் கலனையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் கண்ணும் தப்பும், உயிரும் தப்பும்.

கராஜ்களில் தொழில் பழகும் எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தாங்கியிலிருந்து எரிபொருளைக் குழாய் வைத்து வாயால் இழுக்கும் பழக்கம் ஊரில் இருந்தது. பெற்றோலிலேயே அது கூடாத பழக்கம். மெதனோலில் செய்யவே கூடாது. தோலினூடாகவும் மூச்சினூடாகவும் அது உடலில் சேரும் என்பதால் கையுறை அவசியம், காற்றோட்டமும் அவசியம். மெதனோல் சிந்திய இடத்தில் சுவாலை தெரியவில்லை என்பதை வைத்து நெருப்பில்லை என்று முடிவுகட்டாதீர்கள். சூட்டில் காற்று அசைகிறதா என்று பாருங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.