கண்ணில் கட்டி: சாதுவா? புற்றா?

குழந்தையின் கருவிழி நடுவே பூனைக்கண்போல் வெள்ளையாய் மின்னினால், கரையான்சாவடி முதலிய நம் ஊர்ப்பக்கங்களில் இன்றைக்கும் பலருக்கு முதலில் வருகிற யோசனை திருஷ்டி கழிப்பதும், அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொள்வதுமேயாகும். படித்தவர்களில் சிலரோ, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பார்கள். இவ்விரு கூட்டத்தாருக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. இருவரும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லுகிறவர்கள்தான்.

வெள்ளையெல்லாம் புற்றல்ல, பிறவிப் புரையாகவும் இருக்கலாம். கட்டியெல்லாமும் புற்றல்ல. தோலில் இருப்பதுபோல் விழித்திரைக்குப் பின்னும் மச்சம் உண்டு. இரத்தக் குழாய்கள் திரண்ட கட்டி உண்டு. அபூர்வமாக, பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, கண்ணுக்குள்ளேயே எலும்பு விளைவதும் உண்டு! இவை பார்வையைக் கெடுக்கலாமே தவிர ஆளைக் கொல்லுவதில்லை. ஆனால், பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருகிற ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றோ, கவனிக்காவிட்டால் கண் நரம்பு வழியாய் மூளைக்கும் போய்விடும். இதில் விசித்திரம் என்னவென்றால், இப்புற்றுக்குக் காரணமான ஆர்.பி.1 என்னும் அதே மரபணுவின் பழுதாலேயே, வளராமல் நின்றுவிடுகிற ரெட்டினோமா என்ற சாதுக் கட்டியும் உண்டாகிறது. அதுவும் சிற்சில சமயம் பின்னாளில் புற்றாய் மாறுவதுண்டாதலால், வைத்தியர்கள் அதை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறார்கள்.

நிற்க, உடம்பில் வேறிடத்துக் கட்டியானால் ஊசியால் சிறிது எடுத்துப் பார்க்கலாம். இங்கு அது ஆகாது. ஊசி போன துளைவழியே புற்று வெளியில் சிதறக்கூடும். ஆகவே குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, மருந்துவிட்டுக் கண்மணியை விரித்து, ஒளிக்கருவியால் உட்புறம் முழுவதும் பார்க்கிறார்கள்; ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். பெரியவர்களின் மச்சமானால் படமெடுத்து வைத்து, சில மாதம் கழித்து எடுத்த படத்தோடு ஒப்பிடுகிறார்கள். இவ்வசதிகள் இல்லாத காலத்தில் மேல்நாட்டிலேயே, தீங்கற்ற கட்டியைப் புற்றென்று நினைத்து எடுக்கவேண்டாத கண்களை எடுத்ததுண்டு. அத்தவறு குறைந்தது சோதனையாலேயன்றி யாருடைய அருளாலுமல்ல.

புற்றுதான் என்று தெரிந்தபின், "கண்ணை எடுக்கச் சம்மதியோம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் பெற்றோரும் உண்டு. அவர்கள் வேதனை நமக்குத் தெரியாததல்ல. கண்ணுக்குள் இருக்கும்போதே கண்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றன. பல சமயம் லேசர், மருந்து முதலியவற்றால் கண்ணுமே தப்புகிறது. மாதக்கணக்காய் மந்திரித்துவிட்டு வந்தாலோ, கண்ணைக் கொடுத்தும் உயிர் மிஞ்சுமா என்பது சந்தேகம்.

கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்னும் போனால், 1819இல் தொடங்கி இன்று எழும்பூரில் நடக்கிற அரசாங்கக் கண்ணாஸ்பத்திரி. கண்மலர் வாங்கும் காசில் பாதிகூட பஸ்ஸுக்கு ஆகாது. போகும்போது கூடப் பிறந்த குழந்தைகளையும் அழைத்துப்போய்க் காட்டிவர வேண்டும். ஏனெனில் இது பரம்பரையாய் வருவதும் உண்டு.