கொள்ளுப்பாட்டி வழியில் வராத குடியுரிமை

சென்ற மாதம் ஒரு மாலை, அலுவலக நண்பர் ஒருவர் கேக் பெட்டியோடும் ஒரு கடிதத்தோடும் வார்சாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அமெரிக்கர். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காகப் போலந்து வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. கடிதம் மாகாண ஆளுநர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அவருக்குப் போலிஷ் மொழி வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த போலிஷ் கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும், அரசாங்கக் கடிதத்துக்குப் போதாது. ஆகவே எட்டு வயதான என் மகள்தான் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

நண்பர் போலந்துக் குடிமகன் என்பதை உறுதி செய்யும் ஆணை அது. குடியுரிமை 'வழங்கப்படுகிறது' என்று அதில் இல்லை. ஏற்கெனவே இருக்கும் குடியுரிமை 'உறுதி செய்யப்படுகிறது' என்றிருந்தது. மகள் நிமிர்ந்து கேட்டாள்: "அப்படின்னா அங்கிள் பிறந்ததுல இருந்தே போலந்துக்காரரா?" ஆமாம் என்றேன். "நான்?"

அவள் வார்சாவில் பிறந்தவள். இங்கேதான் பள்ளிக்குப் போகிறாள். நவம்பர் 11, போலந்தின் விடுதலை நாளில் வெள்ளை சிவப்புக் கொடியை அசைத்துக்கொண்டு வகுப்போடு பாடுகிறாள். ஆனால் சட்டப்படி அவள் வெளிநாட்டுக்காரி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

போலந்தின் குடியுரிமைச் சட்டம் இரத்த வழியில் நிற்பது. பெற்றோரில் ஒருவர் போலந்துக் குடிமகனாக இருந்தால், உலகில் எங்கே பிறந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. இத்தனை தலைமுறைக்கு மேல் செல்லாது என்ற எல்லை கிடையாது. முப்பாட்டன் ஒருவர் 1920க்குப் பிறகு போலந்துக் குடிமகனாக இருந்து, சங்கிலி நடுவில் எங்கும் அறுபடவில்லை என்று காட்டினால் போதும். மொழித் தேர்வு கிடையாது. போலந்தில் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு இந்தக் கடவுச்சீட்டின் மதிப்பு பல மடங்கு கூடிவிட்டது. அமெரிக்கா, இஸ்ரேல், அர்ஜென்டினா, பிரேசில் என்று பல நாடுகளிலிருந்து பேரப்பிள்ளைகள் பழைய காகிதங்களைத் தேடிக் கிளம்பியது இதனால்தான்.

நண்பரின் கொள்ளுத்தாத்தா 1898இல் பியாவிஸ்டோக் நகரில் ஒரு யூத நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அன்று அந்த ஊர் ரஷ்யப் பேரரசில் இருந்ததால் பிறப்புப் பதிவு ரஷ்ய எழுத்தில் இருக்கிறது. 1922இல் போலந்துக் கடவுச்சீட்டோடு அவரும் அவருடைய தங்கையும் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்கள். ஊரில் தங்கிய உறவினர்களில் ஒருவர்கூட நாஜி ஆக்கிரமிப்பைத் தாண்டவில்லை. பிறப்புப் பதிவு, கடவுச்சீட்டு, அமெரிக்கக் குடியுரிமைச் சான்று, மூன்று தலைமுறைத் திருமணப் பதிவுகள், இவற்றுக்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றையும் சேர்க்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

அண்ணன், தங்கை இருவரும் 1931இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே ஆண்டில் உறுதிமொழி எடுத்தவர்கள். இன்று அண்ணனின் கொள்ளுப்பேரன் போலந்துக் குடிமகன். தங்கையின் கொள்ளுப்பேத்தி, அதாவது நண்பரின் உறவுக்காரப் பெண், விண்ணப்பிக்கவே வழியில்லை என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

காரணம் 1920ஆம் ஆண்டுச் சட்டம். வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் போலந்துக் குடியுரிமையை இழப்பார் என்றது அந்தச் சட்டம். ஆனால் படைச்சேவைக் கடமை உள்ள ஆண், அந்தக் கடமையிலிருந்து முறையாக விடுவிக்கப்படாமல் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால், போலந்து அவரைத் தன் குடிமகனாகவே கருதும். படைக்கு ஆள் குறையக் கூடாது என்பதற்காக எழுதிய விதி. நூறு ஆண்டு கழித்து அதுவே ஆண் வழிப் பேரர்களுக்கு வரமாகிவிட்டது. பெண்ணுக்குப் படைக்கடமை இல்லை. ஆகவே தங்கை உறுதிமொழி எடுத்த அன்றே போலந்து அவரைக் கைகழுவியது. அப்படியே அவர் குடியுரிமையை இழக்காமல் இருந்திருந்தாலும் பயனில்லை. திருமண உறவில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமைதான் என்றது அதே சட்டம். தாய்க்குச் சம இடம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

இரத்த வழி என்கிறார்களே, தங்கையின் உடம்பில் ஓடியது யாருடைய இரத்தம்? அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே தாய், ஒரே தகப்பன். ஆக, இந்தச் சட்டம் அளப்பது இரத்தத்தை அல்ல. அன்றைய அரசு யாரை மனிதராக எண்ணி ஏட்டில் வைத்திருந்தது என்பதைத்தான் அளக்கிறது.

அந்த ஏட்டிலிருந்து அரசே பெயர் அடித்த கதைகளும் உண்டு. 1938 மார்ச்சில், ஐந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து நாட்டோடு தொடர்பு இழந்தவர்களின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று போலந்து சட்டம் போட்டது. ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய சமயம் அது. அங்கும் ஜெர்மனியிலும் இருந்த போலந்து யூதர்கள் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். சட்டத்தில் யூதர் என்ற சொல் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் ஜெர்மனி சுமார் 17,000 போலந்து யூதர்களை எல்லைக்குத் துரத்தியது. ஆயிரக்கணக்கானோர் ஸ்பொன்ஷின் என்ற எல்லை ஊரில் குதிரைக் கொட்டில்களிலும் நிலையத்திலும் கிடந்தார்கள். பிறகு 1968இல், பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சியே யூத எதிர்ப்புப் பிரச்சாரம் நடத்தியது. 1968க்கும் 1971க்கும் இடையே 13,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். கடவுச்சீட்டுக்குப் பதில் அவர்கள் கையில் கொடுத்த பயண ஆவணம், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று சொன்னது.

அதனால் என் நண்பருக்குக் கிடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். துரத்தப்பட்டவர்களின், கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளை திரும்பி வந்து "எனக்கும் இது ஊர்தான்" என்று சொல்வது நியாயம். என் குற்றச்சாட்டு வேறு. அறுபடாத சங்கிலியைக் கேட்கும் சட்டம், சங்கிலியை அறுத்தது யார் என்று கேட்பதில்லை. பழைய அநீதியை அரசு செய்தது. அதற்கான அபராதத்தைக் கொள்ளுப்பேத்தி கட்டுகிறாள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில், 1999க்கு முன் இழந்த குடியுரிமையை மீட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் இழந்தவர் தாமே கேட்க வேண்டும். 1931இல் இழந்தவர் எங்கிருந்து எழுந்து வந்து கேட்பார்?

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன். போலந்தில் பிறந்ததால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் குடியுரிமை வராது. பெற்றோர் யாரென்று தெரியாமலோ, பெற்றோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமலோ இருந்தால்தான் வரும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நான் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நீண்டகாலத் தங்கல் அனுமதி போன ஆண்டுதான் கிடைத்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்து, நிலையான வருமானமும் முறையான வீட்டு ஒப்பந்தமும் காட்டி, பி1 நிலை மொழிச் சான்றும் கொடுத்தால் நான் விண்ணப்பிக்கலாம். நான் குடிமகன் ஆனால், என் வழியாக அவளும் ஆகலாம். தன் பிறந்த ஊரில் அவள் குடிமகளாக, அப்பன் இலக்கணத் தேர்வில் தேற வேண்டும். அதுவரை, நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பரின் மூன்று வயது மகள் போலந்துக்காரி. வார்சாவை ஒருமுறைகூடப் பார்க்காத அந்தக் குழந்தையின் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளுக்குத் திறந்த கதவு என் மகளுக்கும், இங்கே பிறந்து வளரும் வியட்நாமியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஏன் திறக்கவில்லை என்பதே கேள்வி.

பிறப்பை வைத்து உரிமையைப் பங்கிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யார் வயிற்றில் பிறந்தாய், உன் அப்பன் யார், அவனுக்கு அப்பன் யார் என்று கேட்கும் குரல் எந்த மொழியில் பேசினாலும் நமக்கு அடையாளம் தெரியும். அது சட்டப்புத்தகத்தில் அச்சேறி நாகரிகமாக வரும்போது மட்டும் நாம் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

மாற்ற முடியாத விதி எதுவும் இல்லை. பக்கத்திலிருக்கும் ஜெர்மனி, 2000ஆம் ஆண்டிலிருந்து, நீண்டகாலம் சட்டப்படி வாழும் வெளிநாட்டவருக்கு அங்கே பிறக்கும் பிள்ளைகளைக் குடிமக்களாக ஏற்கிறது. 2021இல், பெண் என்பதால் அறுபட்ட வழிகளில் வந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஓர் அறிவிப்பின் மூலம் குடியுரிமை பெற வழி செய்தது. போலந்தும் இரண்டையும் செய்யலாம். பெண்களிடமிருந்தும் யூதர்களிடமிருந்தும் பறித்ததை அவர்களின் வழித்தோன்றல்களுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். இங்கே பிறந்து வளரும் குழந்தையிடம் தாத்தாவின் காகிதத்தைக் கேட்காமல் இருக்கட்டும்.

அன்று இரவு கேக் வெட்டினோம். நண்பர் முதல் துண்டை என் மகளுக்குக் கொடுத்து, அவளிடமே போலிஷ் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேச்சு. இப்போது செவ்வாயும் வியாழனும் எங்கள் சமையலறை மேசையில் ஒரு வெளிநாட்டுக்காரி, ஒரு போலந்துக் குடிமகனுக்குப் போலிஷ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள்.