சீட்டு கைவிட்ட இடத்தில்

2003 உலகப் போக்கர் தொடரில் கிறிஸ் மனிமேக்கர் வென்றது குருட்டு அதிர்ஷ்டம்தானாம். டென்னசி மாநிலக் கணக்காளர். 86 டாலர் கட்டி, இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்தவர். 839 பேர் ஆடிய போட்டியில் 25 லட்சம் டாலரை அள்ளினார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எரியாதா?

அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் ஐவியுடன் மோதியபோது கடைசிச் சீட்டாக ஏஸ் விழாதிருந்தால் கதையே வேறு. ஆனால் சாமி ஃபர்ஹாவுடன் கடைசி இருவராக உட்கார்ந்தபோது நடந்ததற்கு என்ன பெயர்? மனிமேக்கர் கையில் ஒரு ராஜாவைத் தவிர உருப்படியாக எதுவுமில்லை. ஒரே இனச் சீட்டுகளும் (ஃபிளஷ்) சேரவில்லை, வரிசைச் சீட்டுகளும் (ஸ்ட்ரெய்ட்) சேரவில்லை. எதிரே ஃபர்ஹாவிடம் ஒன்பதுகளின் ஜோடி. மனிமேக்கர் இருந்த சிப் அத்தனையையும் மேசைக்குத் தள்ளினார். ஃபர்ஹா யோசித்து யோசித்து, வெல்ல வேண்டிய சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார். சீட்டே கைவிட்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

இவரைக் காட்டி 'யாரும் வெல்லலாம்' என்று கடைவிரித்த சூதாட்டத் தளங்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அடுத்த ஆண்டே அந்தப் போட்டிக்கு 2,576 பேர் குவிந்தார்கள். அதில் 2,575 பேர் பட்டமில்லாமல்தான் வீடு திரும்பினார்கள்.