இதழியல்: தேர்வுத் தாளா? வாழ்வுத் தொழிலா?

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு இதழியல் ஒரு தாளாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். இதழ்களின் வரலாறு, செய்தியின் இலக்கணம், ஆசிரியர் குழுவின் பணிகள் ஆகியவற்றை மனனம் செய்து, தேர்வெழுதி, மதிப்பெண் பெற்று மாணவர் வெளியேறுகின்றனர். ஆயின், ஒரு செய்தியையேனும் தாமே நேரிற் சென்று திரட்டி எழுதியவர் அவர்களுள் எத்தனை பேர்? நீச்சலை நூலில் மட்டும் கற்றவர் நிலையே இது.

தமிழ் இதழியலின் முன்னோடிகள் செய்தொழில் வாயிலாகவே இக்கலையைக் கற்றனர். 1882ஆம் ஆண்டில் சென்னையில் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளியாசிரியராக இருந்தவர். அதே ஆண்டில் இலங்கையில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை வழக்கறிஞர். 1904ஆம் ஆண்டில் மதுரையில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பாரதியார், அவ்வாண்டிலேயே 'சுதேசமித்திரன்' துணையாசிரியரானார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதே அங்கு அவருக்கு வாய்த்த முதன்மைப் பணி. தமிழ் கற்றவர்க்கு இத்துறை அயலானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று இத்துறையின் வாயில்கள் பல. நிருபர், துணையாசிரியர், மெய்ப்புத் திருத்துநர், மொழிபெயர்ப்பாளர், செய்தி வாசிப்பாளர் எனப் பணிகள் விரிகின்றன. பதிப்பகங்களும் விளம்பர நிறுவனங்களும் பிழையற எழுதுவோரை நாடுகின்றன. அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையும் உண்டு. கைப்பேசி வழியே பொய்ச் செய்திகள் நொடியிற் பரவும் இந்நாளில், செய்தியின் உண்மையை ஆராய்ந்து உரைப்பதே தனியொரு பணியாக வளர்ந்துள்ளது.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவே. இரவுப் பணியும் உண்டு. புகழை மட்டும் எண்ணி வருவோர் விரைவில் சோர்வர். மொழித் திறமும் உண்மை வேட்கையும் உடையோரே நிலைப்பர்.

ஆதலின் தமிழ்த் துறைகள் செய்யத்தக்கது யாது? திங்கள்தோறும் ஒரு சுவர் இதழேனும் மாணவரால் வெளிவரல் வேண்டும். அங்காடி விலை, குடிநீர், பேருந்து வசதி என ஊர்ச் செய்திகளை அவர்கள் நேரில் திரட்டுக. பெயரையும் எண்ணையும் இருமுறை சரிபார்க்கவும், இருதரப்பையும் கேட்டு எழுதவும் பழகுக. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, குடிமகன் எவரும் அரசு அலுவலகத்தில் தகவல் கோரலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடையளித்தல் வேண்டும். அத்தகைய விண்ணப்பம் ஒன்றை எழுதப் பயிற்றுவிப்பதும் இதழியற் பாடமே.

பெரியோர்க்கும் ஒரு சொல். நம் ஊர்ச் செய்தி இதழ்களில் பிழைபட வந்தது என நாம் வருந்துகிறோம். ஆனால், நம் வீட்டுப் பிள்ளை இதழியல் பயில விரும்பினால், 'பொறியியலோ மருத்துவமோ படி' என்று தடுத்துவிடுகிறோம். எழுதுவதற்கு ஆள் அனுப்பாத நாம், எழுதியவரை மட்டும் குறை கூறுவது முறையாகுமா? பெண்மக்கள் விழைந்தால், பணியிடத்தின் நேரமும் பாதுகாப்பும் கேட்டறிந்து முடிவு செய்க. கேளாமலே மறுத்தல் வேண்டா. நம்மவர்க்காகப் பரிந்து எழுதுவோர் நமக்குத் தேவையில்லை. எவரைப் பற்றியும் உண்மையை எழுதுவோரே தேவை.

மாணவச் செல்வங்களே! எழுதுகோல் உங்கள் கையில் உள்ளது. வகுப்பறையை விட்டு ஒருமுறை ஊருக்குள் நடந்து, கண்டதை எழுதிப் பாருங்கள். இத்தொழில் உங்களுக்கு உரியதா என்பதை அம்முதற் செய்தியே உணர்த்தும்.