பாடுவோன் பாட்டெழுத வேண்டுமா?

தஞ்சை நிலத்திலே சம்பா அறுவடையும் திருவையாற்று இசைவிழாவும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன. நெல்லை விளைத்தவன் தமிழன். அரங்கின் முன் அமர்ந்து கேட்பவன் தமிழன். பாடுவோரிலும் பெரும்பாலோர் தமிழர். ஆனால் பாட்டு மட்டும் தமிழன்று! ஏனென்று கேட்டால், இசைவாணர் சிலர் ஒரு விடையை அணியமாக வைத்துள்ளனர். 'சொல்லையும் இசையையும் ஒருவரே படைத்தால்தான் உருப்படி முழுமை பெறும், அத்தகையோரே வாக்கேயகாரர். தமிழ்ப் பாட்டுகளில் பல, ஒருவர் எழுதப் பிறர் இசையமைத்தவை. நாங்களோ பாவலர் அல்லேம், எதைப் பாடுவது?' என்பதே அவ்விடை.

இவ்விடையைத் தமிழ் மரபின்முன் நிறுத்திப் பார்ப்போம்.

புகார் நகரில் மாதவி அரங்கேறியதைக் கூறும் இளங்கோவடிகள், இசையாசிரியனை வேறாகவும் பாட்டியற்றும் புலவனை வேறாகவும் வைத்து, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் கூறினார். பரிபாடலில் மூன்றாம் பாட்டை இயற்றியவர் கடுவன் இளவெயினனார்; அதற்கு இசை வகுத்தவர் பெட்டனாகனார். இருவர் பெயரையும் ஒருங்கே எழுதிவைத்த இனம் நம் இனம்!

தஞ்சைப் பெரிய கோயிலிலே இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் இயக்க இருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்தான். கல்வெட்டு இன்றும் சான்று பகர்கின்றது. அவர்கள் பாடியது முன்னோர் பாட்டு. 'நீ எழுதினாயா?' என்று கேட்டா நெல் அளந்தான் அரசன்?

சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகத்தைப் பாட்டாக யாத்தார். இசை கூட்டியவர்கள் சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவர். அதனால் அப்பாட்டு குறைபட்டதோ? சொல்லும் இசையும் ஒருவரிடமே பிறந்தால் அஃது ஒரு சிறப்பு, மறுக்கவில்லை. நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருட்டிண பாரதியாரிடம் அச்சிறப்பைக் காண்கின்றோம். ஆனால் சிறப்பு வேறு, கட்டாயம் வேறு.

'இசைக்கு மொழியில்லை' என்பார் நாகசுரம் ஊதட்டும், தடையில்லை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடிக்குச் சொல் தேவைப்படவில்லை. ஆனால் வாய்திறந்து சொல்லைப் பாடுவோன் அச்சொல்லின் பொருளை அறிந்தாக வேண்டும். கேட்போனும் அறிந்தாக வேண்டும்.

திருவாரூரில் 1767இல் பிறந்து திருவையாற்றில் 1847இல் மறைந்த தியாகராசரை நாம் பழிக்கவில்லை. அவர் தம் தாய்மொழியாகிய தெலுங்கில் நெஞ்சம் உருகப் பாடினார். அவரிடமிருந்து கற்க வேண்டியது தெலுங்கையன்று. தாய்மொழியில் பாடும் நேர்மையை! அவரை வணங்குவதாகக் கூறிக்கொண்டு, பொருள் அறியாமல் அவர் சொற்களை ஒப்பிப்போர் அவர் வழியினர் ஆகார். அதே ஐயாற்றின்மீது அப்பரும் சம்பந்தரும் பாடிய பதிகங்கள் இருக்க, 'எதைப் பாடுவது?' என்னும் வினா எழலாமா?

தமிழிசைச் சங்கம் சென்னையில் 1943இல் தோன்றியது. எண்பதாண்டுகள் கடந்தும் பல அரங்குகளில் தமிழ் கடைசிப் பந்தியில் துக்கடாவாகவே அமர்கின்றது. உண்டு முடித்தோர் எழுந்தபின் உரிமையாளனுக்கு இலை போடுவதா?

இசைவாணரே! நீவிர் பாட்டெழுத வேண்டா. எழுதியவற்றைக் கற்று, பொருள் உணர்ந்து, சொல்லை முறிக்காமல், அரங்கின் நடுவிடத்தில் விரித்துப் பாடுவீராக! பாவலர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் அவைக்கு உரைப்பீராக!

தமிழன்பரே! நும் ஊர்த் திருவிழாவுக்குப் பாடகரை அழைக்கும்போதே தமிழ்ப்பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குக. நெல் அளப்பவன் கேட்டால், பாடுபவன் பாடியே தீர்வான்!